கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு பதில் சொல்றப்போ, பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்து குழுவோட பாட்டெல்லாம் இன்னைக்கும் இப்படி ஒலிக்கறதுக்கு பாதி காரணம் ஜார்ஜ் மார்ட்டின்னு ஒரு புரொட்யூசர்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் மெயிலும் பாத்துட்டு, இந்த முறை பகுதி முழுக்க ரெக்கார்ட் புரொட்யூசருங்களுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வேற விஷயம் கேட்டவங்க மன்னிக்கணும், அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

கே: சார், ரெக்கார்ட் புரொட்யூசர்னா சினிமா புரொட்யூசர் மாதிரி பணம் போடறவரா? (கல்லூரி மாணவர், மதுரை)

ப: இல்ல தம்பி. பணம் போடறது கம்பெனி. இவர் வேலை சினிமால டைரக்டர் பாக்கற வேலை. எந்தப் பாட்டு எடுக்கறது, என்ன வேகம், என்ன ஸ்ருதி, டிரம்ஸ் யாரு வாசிக்கறது, ஏழாவது டேக் நல்லா இருந்துதா பதினோராவதா, இன்னொரு முறை பாடச் சொல்லலாமா இல்ல குரல் களைச்சுடுச்சா, எல்லாம் அவர் முடிவு. மைக் வைக்கறது, கன்சோல்ல (சத்தங்களைக் கூட்டிக் குறைச்சுக் கலக்கற மேசை) உக்கார்றது இன்ஜினியர் வேலை, சில பேர் ரெண்டையும் சேத்தே பாப்பாங்க. என்னைப் பொறுத்தவரை இதுல பெரிய விஷயம் அந்த முடிவெடுக்கறதுதான், கீழ வர்ற பதில்கள்ல நான் அதைத்தான் பாக்கறேன், யாரு எந்த இடத்துல என்ன முடிவெடுத்தாங்க, அது நம்ம காதுல எப்படி விழுதுன்னு.

கே: ஜார்ஜ் மார்ட்டினை இவ்வளவு தூக்கி வச்சு எழுதறீங்களே, பீட்டில்ஸ் இல்லன்னா அவர் யாரு? பாட்டு எழுதினது அவங்கதானே? (வாசகர், சேலம்)

ப: பாட்டு எழுதினது அவங்கதான், அதுல ரெண்டு கருத்தே கிடையாது. ஆனா பீட்டில்ஸ் வர்றதுக்கு முன்னாடியே அவர் ஒரு ஆளுதான். 1926ல பொறந்தவர், லண்டன் கில்டுஹால் ஸ்கூல்ல பியானோவும் ஓபோவும் படிச்சவர், 1955ல 29 வயசுலேயே பார்லஃபோன் லேபிளுக்கு தலைமை. அங்க அவர் பேர் வாங்கினது காமெடி ரெக்கார்டுல, பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் இவங்களோட. படம் கிடையாது, செட்டு கிடையாது, வெறும் சத்தத்தை வச்சே ஒரு இடத்தை கேக்கறவன் கண்ணு முன்னாடி கொண்டு வரணும், அதுக்காக டேப்பை வெட்டி ஒட்டறது, வேகத்தை மாத்தறதுன்னு எல்லாமே அங்கயே கைக்கு வந்துடுச்சு. 1962ல லிவர்பூல்லேர்ந்து நாலு பசங்க வந்து நிக்கறப்போ எதிர்ல இருந்தது இப்படி ஒரு ஆளு.

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை பீட்டில்ஸ்ல ஒருத்தரான ஜான் லெனன் முதல்ல மெதுவா இழுத்துப் பாடற மாதிரிதான் கொண்டு வந்தாரு. இதை வேகமாக்குங்கன்னு சொன்னது மார்ட்டின். 'யெஸ்டர்டே'க்கு (1965) வயலின் சேக்கலாம்னு அவர் சொன்னப்போ, ஹோட்டல் லாபில ஓடற இனிப்பு மியூசிக் மாதிரி ஆயிடுமோன்னு அதே குழுவுல இருந்த பால் மெக்கார்ட்னிக்கு பயம், அதுக்கு மார்ட்டின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேணாம், ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, நாலே பேர் போதும்னாரு. 'இன் மை லைஃப்'ல நடுவுல ஒரு கீபோர்டு சோலோ வரும் பாருங்க, அதை அவரே பியானோல, டேப்பை பாதி வேகத்துல ஓடவிட்டு ஒரு ஸ்தாயி கீழ வாசிச்சாரு. சாதாரண வேகத்துல திருப்பிப் போட்டப்போ அது பியானோவாவும் இல்லாம ஹார்ப்சிகார்டாவும் இல்லாம புதுசா ஒரு வாத்தியம் மாதிரி ஆயிடுச்சு.

ஆனா நான் திரும்பத் திரும்ப போய் நிக்கற இடம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1966 கடைசி. அந்தப் பாட்டை ரெண்டு விதமா ரெக்கார்ட் பண்ணியிருந்தாங்க, ஒண்ணு மெதுவா, கிட்டார், மெலட்ரான் கீபோர்டுன்னு மிதந்துக்கிட்டு போறது, இன்னொண்ணு வேகமா, டிரம்பெட்டு செல்லோன்னு அடர்த்தியா. லெனனுக்கு முதல்ல இருக்கறதோட ஆரம்பமும் பிடிக்குது, ரெண்டாவதோட பிற்பாதியும் பிடிக்குது, ரெண்டையும் சேத்துடுங்கன்னுட்டாரு. வேகம் வேற, ஸ்ருதி வேற, கம்ப்யூட்டர்னு ஒண்ணு கிடையாது. ஆனா டேப்ல ஒரு குணம் உண்டு, வேகத்தைக் குறைச்சா ஸ்ருதி தானா இறங்கும், கூட்டினா ஏறும். அதிர்ஷ்டம் என்னன்னா வேகமா இருந்த டேக்தான் ஸ்ருதிலயும் மேல இருந்துது, அதனால மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் அதைக் கொஞ்சம் இறக்கி, மெதுவானதைக் கொஞ்சம் ஏத்தி, ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்கற வரைக்கும் நகத்தி, டேப்பை வெட்டி ஒட்டிட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துல அந்த ஒட்டு வருது. லெனன் குரல் அதுக்கப்புறம் கொஞ்சம் கனமா, தூக்கக் கலக்கம் மாதிரி மாறும், இறக்கின ஸ்ருதியால வந்தது அது, பாட்டே ஒரு கனவு மாதிரி இருக்கறதால அந்த மாற்றம் அவ்வளவு பொருத்தமா உக்காந்துடுச்சு.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிக்கறேன், நம்மாளுங்களுக்கு பிடிக்கும். 1967ல பீட்டில்ஸ்ல இன்னொருத்தரான ஜார்ஜ் ஹாரிசன் 'விதின் யூ வித்தவுட் யூ' பண்ணப்போ லண்டன்ல இருந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபா (வில்லால வாசிக்கற வட இந்திய தந்தி வாத்தியம்) வாசிச்சாங்க. அந்த தில்ருபால வர்ற ஜாரு, ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போறது, அதை மேற்கத்திய வயலின், செல்லோ வாசிக்கறவங்களுக்கு நோட்ஸா எழுதிக் குடுத்து அதே வளைவோட வாசிக்க வச்சது மார்ட்டின். எழுதி வாசிக்கறவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு சொல்லவே வேணாம்.

அவருக்குன்னு தனியா ஒரு முத்திரைச் சத்தம் கிடையாது. எனக்கு அவர் முதல் இடத்துல இருக்கறதுக்கு காரணமே அதுதான்.

கே: இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு, ஆனா என் காதுக்கு பாட்டு பாட்டாத்தான் கேக்குது. புரொட்யூசர் செஞ்சது எதுன்னு எப்படி பிரிச்சு கேக்கறது? (வங்கி ஊழியர், திருச்சி)

ப: நல்ல கேள்வி மேடம். முடிக்கறதுக்கு முன்னாடி இருந்த வடிவத்தையும் முடிஞ்ச வடிவத்தையும் அடுத்தடுத்து கேளுங்க, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1996ல வந்த பீட்டில்ஸ் 'ஆந்தாலஜி 2'ல 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' படிப்படியா எப்படி வளந்துதுன்னு இருக்கு, வயலின் இல்லாத 'யெஸ்டர்டே' இருக்கு, குரலே இல்லாம வெறும் தந்தி வாத்தியம் மட்டும் உள்ள 'எலினார் ரிக்பி'யும் இருக்கு. இந்த கடைசிதான் முதல்ல கேக்க வேண்டியது. எட்டு பேர் வாசிக்கறாங்க, வழக்கமா ரூம்ல உயரத்துல ஒண்ணு ரெண்டு மைக் தொங்கும், எமரிக் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கிட்டத்துல, தந்தியை ஒட்டின மாதிரி வச்சுட்டாரு, வாசிக்கறவங்களுக்கு அது பிடிக்கல, நாற்காலியை பின்னாடி நகத்திக்கிட்டே இருந்தாங்களாம். ஹெட்ஃபோன் போட்டு கேட்டீங்கன்னா வில்லு தந்தில உரசற கரகரப்பு தெரியும். அந்தப் பாட்டுல இருக்கற தனிமைக்கு அந்த கரகரப்புதான் ஆதாரம்.

கே: அமெரிக்க புரொட்யூசர் ஃபில் ஸ்பெக்டர் பத்தி உங்க கருத்து? (வாசகர், கரூர்)

ப: லாஸ் ஏஞ்சலஸ் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோல, ஒரு சின்ன ரூம்ல மூணு நாலு கிட்டார், ரெண்டு மூணு பியானோ, பெர்கஷன் எல்லாத்தையும் அடைச்சு, ஒரே வரியை பல பேர வாசிக்க வச்சு, அதை அங்க இருந்த எக்கோ சேம்பருக்குள்ள அனுப்பி, எல்லாத்தையும் மோனோல ஒரே அலையா ஆக்கினவர். 1963ல வந்த 'பீ மை பேபி'யோட ஆரம்பத்துல ஹால் பிளெய்ன் அடிக்கற டிரம்ஸ் உலகம் முழுக்க இன்னும் காப்பி அடிக்கப்படுது. ஆனா அவர் 2003ல லானா கிளார்க்சன்ங்கற நடிகையை சுட்டுக் கொன்னதுக்காக 2009ல தண்டனை ஆகி, 2021ல சிறைவாசத்துலேயே இறந்தவர். அவர் பேரை எழுதறப்போ அந்தப் பொண்ணு பேரையும் சேத்தே எழுதணும்னு நினைக்கறேன். பாட்டுன்னு எடுத்துக்கிட்டாலும் அவர் என் பட்டியல்ல கீழதான், அவர்கிட்ட யாரு பாடினாலும் அது ஸ்பெக்டர் பாட்டாத்தான் முடியும்.

கே: மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' ஆல்பம் ஏன் இன்னும் இவ்வளவு சுத்தமா ஒலிக்குது? அதே காலத்து ஆல்பம் பல பழசாயிடுச்சே? குவின்சி ஜோன்ஸ் என்ன பண்ணாரு? (டிஜே தொழில் பண்ற வாசகர், சென்னை)

ப: இதுக்கு உங்களுக்கே பாதி பதில் தெரிஞ்சிருக்கும், மீதிய சொல்றேன். குவின்சி 80கள்ல திடீர்னு முளைச்சவர் இல்ல. ஜாஸ் டிரம்பெட் வாசிச்சவர், 1957ல பாரிஸ்ல நாடியா பூலான்ஷேகிட்ட கம்போசிஷன் படிச்சவர், கவுண்ட் பேசி இசைக்குழுவோட ஃபிராங்க் சினாட்ராவுக்கு அரேஞ்ச் பண்ணவர், 1963ல லெஸ்லி கோர் பாடின 'இட்ஸ் மை பார்ட்டி' அவர் எடுத்ததுதான். மைக்கேல் ஜாக்சனோட 'ஆஃப் த வால்' (1979) எடுக்கப் போறப்போ கம்பெனிக்காரங்களுக்கு சந்தேகம், இவரு ரொம்ப ஜாஸ் ஆளாச்சேன்னு.

அவரோட பெரிய திறமை ஆள் பிடிக்கறது. எந்தப் பாட்டுக்கு யாரு வேணும்னு அவருக்குத் தெரியும். இங்கிலாந்துலேர்ந்து ராட் டெம்பர்டன கூட்டிட்டு வந்து பாட்டெழுத வச்சாரு, 'பீட் இட்'ல சோலோ வாசிக்க எடி வான் ஹேலனக் கூப்பிட்டாரு, 'த்ரில்லர்' முடிவுல பேசறதுக்கு பேய்ப்பட நடிகர் வின்சென்ட் பிரைஸ். இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன். 'பில்லி ஜீன்' எடுக்கறப்போ ஸ்வீடியன் டிரம்ஸுக்குன்னு தனியா ஒரு மர மேடை கட்டினாரு, பேஸ் டிரம்முக்கு ஒரு உறை தைச்சு மாட்டினாரு, ஸ்நேர் டிரம்முக்கும் ஹைஹேட் தாளத்தட்டுக்கும் நடுவுல ஒரு தட்டையான பலகை வச்சாரு, ஒண்ணோட சத்தம் இன்னொண்ணோட மைக்ல கலந்துடக் கூடாதுன்னு. பாட்டோட முதல் சில செகண்டு வெறும் டிரம்ஸ்தான், ஆனா அந்த சில செகண்டுலயே உலகத்துல யாரும் இது எந்தப் பாட்டுன்னு சொல்லிடுவாங்க. அந்த ஒரு பாட்டை 91 முறை மிக்ஸ் (பதிஞ்ச சத்தங்களை அளவு பாத்துக் கலக்கறது) பண்ணிப் பாத்துட்டு, கடைசியில ரெண்டாவது மிக்ஸையே எடுத்துக்கிட்டோம்னு ஸ்வீடியன் பல இடத்துல சொல்லியிருக்காரு.

நீங்க கேட்ட சுத்தத்துக்கு இன்னொரு காரணம் இருக்கு, டிஜேங்கறதால உங்களுக்கு இது உடனே புரியும். ஆல்பம் முடிச்சுட்டோம்னு உக்காந்து கேட்டப்போ நல்லாவே இல்ல, ஏன்னா ஒரு பக்கத்துல அளவுக்கு மீறி நேரம் ஏத்திட்டாங்க. இசைத்தட்டுல நிமிஷம் கூடக்கூட கோடுகள நெருக்கி நெருக்கி வெட்டணும், பேஸ்ங்கற கனமான கீழ் சத்தத்துக்கு கோடு அகலமா ஆடணும், இடம் இல்லன்னா சத்தத்தையும் பேஸையும் குறைச்சே ஆகணும், நெருக்கி நட்ட நாத்து மாதிரி எதுவும் தழைக்காது. அதனால வெளியிட வேண்டிய நேரம் நெருக்கியும் நிறுத்தினாங்க. 'த லேடி இன் மை லைஃப்'ல ஒரு சரணத்தை எடுத்தாங்க, மத்த இடத்துலயும் குறைச்சாங்க, திரும்ப ஒவ்வொரு பாட்டா எடுத்து மிக்ஸ் பண்ணாங்க. மொத்தம் 9 பாட்டு, 42 நிமிஷம் சொச்சம், 1982 நவம்பர் கடைசியில வெளியீடு. 'பில்லி ஜீன்' முன்னிசை ரொம்ப நீளம், வெட்டணும்னு குவின்சி சொன்னப்போ ஜாக்சன் மட்டும் விடல, அதைக் கேட்டாத்தான் எனக்கு ஆடணும்னு தோணுதுன்னாரு. ஆடணும்னு ஜாக்சனே சொல்றப்போ அப்புறம் என்ன பேசறதுன்னு குவின்சி விட்டுட்டாரு. எதிராளி சொல்றது சரின்னா தன் முடிவை விட்டுக் குடுக்கறதும் இந்த வேலையில ஒரு முடிவுதான். 2024 நவம்பர்ல 91 வயசுல போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல வேற எதுவும் ஓடல.

கே: அண்ணா, நான் வீட்டில ஒரு சின்ன அறையிலதான் ரெக்கோட் பண்ணுறன். ஒரு மைக், பழைய லாப்டொப், அவ்வளவுதான். இதை வச்சுக்கொண்டு என்ன செய்யேலும்? (இளைஞர், யாழ்ப்பாணம்)

ப: தம்பி, நீங்க ஜமைக்கா பக்கம் போகணும். கிங்ஸ்டன்ல கிங் டப்பின்னு ஒருத்தர், தொழில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். வீட்லயே ஒரு சின்ன ஸ்டுடியோ, பாடறவங்க நிக்கற இடம் முன்னாடி பாத்ரூமா இருந்தது. பெரிய ஸ்டுடியோ ஒண்ணு கழிச்சுப் போட்ட நாலு டிராக் (நாலு சத்தத்தைத் தனித்தனியா கையாள்ற) கன்சோல வாங்கி, அவரே பிரிச்சு மாத்தி வச்சுக்கிட்டாரு. ஏற்கனவே வந்த ரெகே பாட்டோட டேப்பைப் போட்டு, குரலை இழுத்து வெளிய எடுத்துட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் ஓடவிட்டு, எங்கேயோ ஒரு சொல்லு மட்டும் உள்ள வந்து எக்கோல தேய்ஞ்சு மறையற மாதிரி, கைய கன்சோல்ல வச்சு ஓட ஓட மாத்திக்கிட்டே போவாரு. அந்தக் கன்சோல்ல ஒரு பெரிய திருகு, அதைத் திருப்பினா கீழ் சத்தம் எல்லாம் படிப்படியா உதிர்ந்து வெறும் சலசலப்பு மிஞ்சும், அப்புறம் பேஸ் திரும்ப வந்து விழறப்போ நெஞ்சுல இடிக்கும். 'டப்'ங்கற இசை வகையே இப்படித்தான் உருவாச்சு, இன்னைக்கு ரீமிக்ஸ்னு நாம சொல்றதோட வேரும் அங்கதான் இருக்கு. 1989ல அவர் வீட்டு வாசல்லயே யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க, நினைச்சாலே மனசு கனக்கும்.

அதே ஊர்ல லீ ஸ்க்ராட்ச் பெர்ரி. வீட்டுக் கொல்லையில 1973ல 'பிளாக் ஆர்க்'னு ஸ்டுடியோ கட்டினாரு, நாலே டிராக் டீயாக் டேப் மெஷின். நாலும் நிறைஞ்சதும் அதை ஒண்ணு ரெண்டா இறக்கி, காலியான டிராக்ல மறுபடி நிரப்பி, மறுபடி இறக்கி. ஒவ்வொரு தடவையும் டேப் இரைச்சல் ஏறும், சத்தம் கொஞ்சம் மங்கும், அந்த மங்கலே ஒரு ஈரமான காடு மாதிரி ஆயிடும். ஜூனியர் மர்வின் பாடின 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' (1976), த காங்கோஸோட 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' (1977), ரெண்டையும் விளக்கை அணைச்சுட்டு கேளுங்க.

உங்க லாப்டாப்ல எத்தனை டிராக் வேணும்னாலும் வரும், அதனால ஒரு பாட்டுக்கு நாலு டிராக் மட்டும்தான்னு நீங்களே கட்டுப்பாடு வச்சுப் பாருங்க. நாலுதான்னு வச்சா எது வேணும், எது வேணாம்னு அப்பப்பவே முடிவு பண்ண வேண்டி வரும், அந்தப் பழக்கம் வந்துட்டா நல்ல மைக் எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம். எடுத்ததை எனக்கு அனுப்புங்க, கட்டாயம் கேக்கறேன்.

கே: ரிவெர்ப் போட்டா குரல் நல்லா இருக்கும்னு எங்க ஊரு ஸ்டுடியோல எல்லாத்துக்கும் போடறாங்க. இது சரியா? (மெல்லிசைக் குழு பாடகர், நாகர்கோவில்)

ப: ரிவெர்ப்னா ஒரு பெரிய ரூம்ல பாடற மாதிரி சத்தம் எதிரொலிச்சு நீள்றது, அதை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டா தப்பு. எப்படிப் போடணும்னு ஒரு உதாரணம். 1977, பெர்லின், ஹான்சா ஸ்டுடியோ, பெர்லின் சுவருக்கு பக்கத்துலயே. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியோட 'ஹீரோஸ்' பாட்டுக்கு புரொட்யூசர் டோனி விஸ்கான்டி என்ன பண்ணாருன்னா, ஒரு பெரிய ஹால்ல மூணு மைக் வச்சாரு, ஒண்ணு போவி வாய்க்கு கிட்ட ஒரு சாண் தூரத்துல, அடுத்தது 20 அடி தள்ளி, மூணாவது 50 அடி தள்ளி. தூரத்துல இருக்கற ரெண்டு மைக்குக்கும் கேட்னு ஒரு கருவி, குரல் ஒரு அளவுக்கு மேல உயர்ந்தாத்தான் அந்த மைக் திறக்கும், இல்லன்னா மூடியே இருக்கும். ஆரம்பத்துல போவி கிசுகிசுக்கற மாதிரி பாடறாரு, ஒரே மைக், காதோரமா. போகப்போக குரல் ஏறுது, ரெண்டாவது மைக் திறக்குது, கடைசியில கத்தறப்போ மூணும் திறந்து அந்த ஹாலே சேந்து அலறுது. கருவியில போட்ட ரிவெர்ப் இல்ல, அந்த ரூமோட உண்மையான ஒலி. அதுலயும் அந்த ஒலி வரணும்னா பாடகர் நிஜமாவே உயிரக் குடுத்து கத்தணும், வேற வழியே கிடையாது. பாடகர் குரலுக்கு ஏத்த மாதிரி ரூம் பெருசாகிக்கிட்டே போற மாதிரி ஒருத்தர் யோசிச்சு வச்சிருக்காரே, இந்த ஒரு வேலைக்காக விஸ்கான்டியை ஆயுசுக்கும் கொண்டாடுவேன். உங்க ஸ்டுடியோக்காரர்கிட்ட அடுத்த முறை பல்லவிக்கு கம்மியா, உச்ச ஸ்தாயி வர்ற இடத்துல மட்டும் கூட்டிப் போடச் சொல்லிக் கேளுங்க.

கே: நீங்க சொல்ற பேரெல்லாம் ஆம்பளைங்க பேராவே இருக்கே? (ஆசிரியை, கோயம்புத்தூர்)

ப: நியாயமான கோபம் மேடம். கன்சோல் பக்கம் பெண்களை ரொம்ப காலம் விடவே இல்ல, அதையும் தாண்டி வந்தவங்க ரெண்டு பேரைச் சொல்றேன். சில்வியா ராபின்சன், அவங்களே 50கள்ல பாடகி, கிட்டாரிஸ்ட். நியூயார்க் பக்கம் பார்ட்டிகள்ல மட்டும் இருந்த ராப்பை ரெக்கார்டா ஆக்கலாம்னு 1979லயே முடிவெடுத்து 'ராப்பர்ஸ் டிலைட்' எடுத்தாங்க, முழு வடிவம் கிட்டத்தட்ட 15 நிமிஷம். 1982ல 'த மெசேஜ்', ஏழைக் குடியிருப்போட வாழ்க்கையை சொல்ற பாட்டு, அதைப் பாட வேண்டிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவுல பலருக்கு அதுல இஷ்டமே இல்ல, பார்ட்டில யாரு இதைக் கேப்பாங்கன்னு. விடாப்பிடியா நின்னு எடுக்க வச்சது சில்வியாதான். ராப்புன்னா சமூகத்தைப் பேசும்னு இன்னைக்கு நாம நினைக்கறதுக்கு அந்தப் பிடிவாதம் ஒரு பெரிய காரணம்.

இன்னொருத்தர் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ். 1982 'த டிரீமிங்' ஆல்பத்துலேர்ந்து தானே தனியா புரொட்யூஸ் பண்றாங்க. அப்புறம் குடும்பப் பண்ணைல இருந்த கொட்டகையிலயே ஸ்டுடியோ கட்டி, மணிக்கணக்கு வாடகைக் கவலை இல்லாம, ஃபேர்லைட்னு ஒரு சாம்ப்ளர் கருவியை (எந்த சத்தத்தையும் பதிஞ்சு வாத்தியம் மாதிரி வாசிக்கறது) வச்சு 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985) எடுத்தாங்க. அதுல இருக்கற 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022ல, 37 வருஷம் கழிச்சு பிரிட்டன்ல முதலிடம் வந்துது. அப்போ அதைப் புதுசா கேட்ட பசங்க காதுக்கு அது பழைய பாட்டாவே படல.

கே: ரிக் ரூபின் ஒரு வாத்தியமும் வாசிக்க மாட்டார், கன்சோலும் தொட மாட்டார்ங்கறாங்க. அப்புறம் என்ன புரொட்யூசர்? (வாசகர், வேலூர்)

ப: அவர் வேலை பாட்டுலேர்ந்து வேண்டாததைக் கழிக்கறது, சேக்கறது இல்ல. ராப் பாடகர் எல்எல் கூல் ஜேயோட முதல் ஆல்பத்துல (1985) 'புரொட்யூஸ்ட்'னு போடாம 'ரெட்யூஸ்ட் பை', அதாவது குறைச்சவர்னே போட்டுக்கிட்டாரு. அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் விஷயத்துல அதோட அருமை தெரியும். கேஷை அவரோட பழைய கம்பெனி கைவிட்டு வருஷக்கணக்காச்சு, வானொலில போடறதில்ல, வயசு 60 தாண்டியாச்சு. ரூபின் அவரை தன் வீட்டு ஹால்ல உக்கார வச்சு, ஒரு கிட்டார குடுத்து, உங்களுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் பாடுங்கன்னு பாட வச்சாரு. 1994ல அதுவே ஆல்பமா வந்துது, கிட்டாரும் குரலும் மட்டும். 2002ல 'ஹர்ட்', வேற ஒரு இளைஞர் எழுதின பாட்டு, கேஷ் அந்த நடுங்கற குரல்ல பாடறப்போ மூச்சு இழுக்கறது கூட கேக்கும், மறைக்கவே இல்ல. அடுத்த வருஷம் கேஷ் போயிட்டாரு. அதே ரூபின் எடுத்த மெட்டாலிக்காங்கற ராக் குழுவோட 2008 ஆல்பம் ஒரேயடியா உரக்க அமுக்கப்பட்டு காதைக் குத்துதுன்னு ரசிகர்களே போராடினாங்க, அதுவும் உண்மை. எனக்கு அந்த 1994 ஹால் போதும்.

கே: நம்ம சினிமா பாட்டுல ஏன் இப்படி ஒரு ஆளு இல்ல? (வாசகர், தஞ்சாவூர்)

ப: இருக்காங்க, இசையமைப்பாளரே அந்த வேலையையும் பாக்கறாரு. இளையராஜா எல்லா வாத்தியத்துக்கும் தானே எழுதி வச்சுடுவாரு, கலைஞர்கள் வந்து உக்கார்றப்போ முடிவுகள் பெரும்பாலும் பேப்பர்லயே முடிஞ்சிருக்கும். ரஹ்மான் வழி வேற, 'ரோஜா' (1992) காலத்துலேர்ந்தே வீட்டோட சேந்த சொந்த ஸ்டுடியோல அடுக்கடுக்கா ஏத்தி, கலைஞர்களை இஷ்டத்துக்கு வாசிக்க விட்டு, அதுலேர்ந்து பொறுக்கி எடுத்து அமைக்கற வழி. அதுல இன்ஜினியர் எச். ஸ்ரீதரோட பங்கு பெருசு, 2008ல அவர் போனது நம்ம ஒலிப்பதிவுக்கே இழப்பு. அவரைப் பத்தி தனியா எழுதணும், எழுதறேன்.

கே: எம்ஐஏ பாட்டுல உறுமிச் சத்தம் கேக்குதே, நிஜமா நம்ம உறுமியா? (வாசகி, டொராண்டோ)

ப: நிஜமா நம்ம உறுமிதான். எம்ஐஏ ஈழத் தமிழ்க் குடும்பத்து பிரிட்டிஷ் ராப் பாடகி, 2007ல வந்த அவங்க 'கலா' ஆல்பம், அவங்க அம்மா பேரு. அதுக்காக சென்னை வந்து நம்ம மேளக்காரங்களை ரெக்கார்ட் பண்ணாங்க, ஸ்விட்ச்ங்கற பிரிட்டிஷ் புரொட்யூசரோட சேந்து. 'பேர்ட் ஃப்ளூ'ல அது முன்னாடியே நிக்கும். எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா உறுமியை பின்னணில அலங்காரமா வைக்கல, வழக்கமா பேஸும் டிரம் மெஷினும் நிக்கற இடத்துல அதை நிறுத்தியிருக்காங்க. அந்தக் குச்சி தோல்ல தேய்க்கற இழுவை இருக்கே, அதை எந்த மெஷினாலயும் பண்ண முடியாது.

கே: ஜே டில்லா பீட்டெல்லாம் தாளம் தப்பின மாதிரி இருக்கே, ஏன் அதைக் கொண்டாடறாங்க? (ஐடி ஊழியர், பெங்களூரு)

ப: தப்பல. டிரம் மெஷின்ல க்வான்டைஸ்னு ஒரு வசதி, நாம கையால தட்டினதை எல்லாம் இழுத்து கட்டத்துக்குள்ள சரியா வச்சுடும். டெட்ராய்ட்காரரான ஹிப்ஹாப் புரொட்யூசர் டில்லா அதை வேணாம்னு ஒதுக்கி, ஸ்நேர் கொஞ்சம் முந்தி, கிக் (பேஸ் டிரம்) கொஞ்சம் பிந்தி, ஹைஹேட் நேரான்னு ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு இடத்துல உக்கார வச்சாரு. அது ஒரு ஆள் நடக்கற மாதிரி சாஞ்சு சாஞ்சு போகும், அப்புறம் நிஜ டிரம்மர்களே அவர் மாதிரி வாசிக்கப் பழகினாங்க. 'டோனட்ஸ்' ஆல்பம் 2006 பிப்ரவரி 7, அவரோட 32வது பிறந்தநாள் அன்னைக்கு வந்துது, மூணு நாள்ல இறந்துட்டாரு. அவர் வாசிச்ச எம்பிசி 3000ங்கற அந்த மெஷின் இன்னைக்கு வாஷிங்டன்ல ஆஃப்ரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியத்துல இருக்கு.

கே: புரொட்யூசருக்கு காசு எப்படி வரும்? (வாசகர், ஈரோடு)

ப: பொதுவா ஒரு முன்பணம், அதோட விக்கற ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டியில சில சதவீதம். ஜார்ஜ் மார்ட்டின் ஆரம்பத்துல வெறும் சம்பள ஆளு, பீட்டில்ஸ் உலகத்தையே ஆட்டினப்பவும் அவருக்கு ராயல்டி கிடையாது, அதனாலதான் 1965ல வெளிய வந்து சொந்தக் கம்பெனி தொடங்கினாரு.

இதுக்கு நேர் எதிர் அமெரிக்க ரெக்கார்டிங் இன்ஜினியர் ஸ்டீவ் ஆல்பினி, 2024ல இறந்தார். 1992ல நிர்வாணாங்கற ராக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாரு, எனக்கு ராயல்டி வேணாம், பாட்டு உங்களோடது, ஒரு பிளம்பருக்கு குடுக்கற மாதிரி வேலைக்கு கூலி குடுங்க போதும்னு. அவங்க எடுக்கப் போற ஆல்பம் கோடிக்கணக்குல பணம் கொண்டு வரும்னு அவருக்கு தெரியாம இல்ல. 1 லட்சம் டாலர் மட்டும் வாங்கிக்கிட்டு, 1993 பிப்ரவரில மினசோட்டால ஒரு ஸ்டுடியோல ரெண்டு வாரத்துக்குள்ள 'இன் யூட்டரோ'வை எடுத்துக் குடுத்தாரு. டிரம்ஸைச் சுத்தி நிறைய மைக், ரூம் சத்தம் முழுசா, குரல் மத்த வாத்தியத்துக்கு நடுவுல. கம்பெனிக்கு அது பிடிக்கல, அப்புறம் 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' ரெண்டு பாட்டையும் ஸ்காட் லிட்ங்கறவர் மறுபடி மிக்ஸ் பண்ணி, குரலை முன்னாடி கொண்டு வந்தாரு. 2013ல வந்த மறுவெளியீட்டுல ஆல்பினியோட மூல மிக்ஸும் சேந்து இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டு, எது உங்களுக்குப் பிடிச்சுது, ஏன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.